பேரு வேண்டாம் மேடம்

இசக்கி உள்ள போயி அஞ்சு நிமிஷம் ஆச்சு. கதவு சாத்திக் கெடக்கு. கதவுல 'நர்ஸ் நேர்முகத் தேர்வு'ன்னு வெள்ளப் பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்காவ, அதுல ஒரு மூலை மட்டும் பசை விட்டு ஃபேன் காத்துக்கு ஆடிக்கிட்டு இருக்கு. வினோலியா அந்த மூலையையே பாத்துக்கிட்டு இரும்பு நாற்காலியில உக்காந்திருக்கா. அவளுக்கு இண்டர்வியூ முடிஞ்சாச்சு. நல்லாவும் முடிஞ்சிருக்கு, அதுதான் வினை. மேட்ரன் சிரிச்சாவ, 'நல்லது, தகவல் சொல்லுவோம்மா'ன்னு எந்திரிச்சு நின்னு சொன்னாவ, முன்னால போன ஏழு பேருல ஒருத்திக்காவது எந்திரிச்சிருப்பாவளா, மாட்டாவ. வெளிய வந்ததும் இசக்கி ஓடிவந்து கையப் பிடிச்சா. 'எப்படிட்டி இருந்துச்சு? என்ன கேட்டாவ?' அந்த நிமிஷம் சொல்லிருக்கலாம். ஒரே வரிதான். எட்டி, அந்தப் பதினேழாம் பெட்டு கதைய மட்டும் உள்ள எடுக்காத. அவ்வளவுதான், அதச் சொல்ல எவ்வளவு நேரமாவும்? சொல்லல. 'சும்மா கேள்விதான்ட்டி, போ'ன்னா. ஊருல உள்ளவன் அத்தனை பேருகிட்டயும் வாயாடுதவளுக்கு அந்த ஒரு வரி வரல. அதுக்குள்ள வாசல்ல நிக்க ஆயா அக்கா 'இசக்கியம்மாள், வாம்மா'ன்னு கூப்பிட்டாச்சு, அவ துப்பட்டாவ இழுத்துச் சரிபண்ணிக்கிட்டு உள்ள போயாச்சு, கதவும் சாத்தியாச்சு.

என்ன கேக்குதாவளோ இப்ப. மொதல்ல பேரு, ஊரு, அப்பா என்ன பண்ணுதாவன்னு கேப்பாவ. அப்புறம் படுத்த படுக்கையாக் கெடக்க நோயாளிக்குப் படுக்கைப் புண்ணு வராம என்ன செய்வீங்கன்னு கேப்பாவ, அதெல்லாம் இசக்கி தண்ணி மாதிரி சொல்லிருவா. அப்புறம் அந்தக் கேள்வி வரும். வினோலியாகிட்ட கேட்ட மாதிரியே மேட்ரன் கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கிக்கிட்டு கேப்பாவ. 'வார்டுல நீங்க செஞ்ச தப்பு ஒண்ணு சொல்லுங்கம்மா. தப்புப் பண்ணாத நர்ஸ் கிடையாது, நானே பண்ணிருக்கேன். என்ன பண்ணீங்க, எப்படிச் சரி பண்ணீங்க?' நல்ல கேள்வி. அந்தம்மா நல்ல மனசோடதான் கேட்டாவ. வினோலியாவும் நல்ல மனசோடதான் ஆரம்பிச்சா, சத்தியமா. 'மேடம், போஸ்டிங்ல மெடிக்கல் வார்டுல இருந்தப்ப ஒருநாள்'னு ஆரம்பிக்கும்போது நாக்குல 'நான்'தான் இருந்துச்சு. அப்ப மேட்ரன் பேனாவ எடுத்தாவ. அவ்வளவுதான் நடந்துச்சு, ஒரு நீலப் பேனா, மூடியத் திறக்குத சத்தம் 'டக்'குன்னு. அந்தச் சத்தத்துல வாய் அதுபாட்டுக்குத் திரும்பிட்டு. 'என் கூட டூட்டி பாத்த ஒரு பொண்ணு, மேடம்.' அதுக்கு அப்புறம் வண்டி பள்ளத்துல இறங்குன மாதிரிதான், பிரேக்கே கிடையாது. அந்தப் பொண்ணு மூச்சு எண்ணாமலே சார்ட்ல எழுதிட்டா மேடம். நான் போயிப் பாத்தேன் மேடம், பேஷண்ட்டுக்கு மூச்சு வாங்குச்சு மேடம். ஒரு முழு நிமிஷம் நின்னு எண்ணுனேன் மேடம், முப்பத்தாறு இருந்துச்சு மேடம். ஓடிப் போயி டாக்டரக் கூப்பிட்டேன் மேடம். எத்தனை மேடம்! ஒரு மேடத்துக்கு ஒரு பொய்யின்னு கணக்கா வந்துச்சு.

மேட்ரன் பேனாவ கீழ வச்சுட்டு கண்ணாடியக் கழட்டுனாவ. 'நல்ல காரியம் பண்ணிருக்கம்மா. அந்தப் பொண்ணு யாரு?' இங்கதான். நினைச்சுப் பாக்கும்போதெல்லாம் வினோலியா இந்த இடத்துலதான் வந்து நின்னுருதா. யாரோ ஒருத்தின்னு சொல்லிருக்கலாம், வேற காலேஜ்னு சொல்லிருக்கலாம். அவ என்ன சொன்னா? 'பேரு வேண்டாம் மேடம்.' எவ்வளவு பெருந்தன்மை பாரு! மேட்ரன் முன்னால கெடந்த லிஸ்ட்ட விரலால தடவிப் பாத்தாவ. 'உங்க காலேஜ்ல இருந்து இன்னொரு பொண்ணும் வந்திருக்கு போலயே. இசக்கியம்மாள். ஒரே பேட்ச்தான? அவங்களா?' 'இல்ல'ன்னு சொல்ல மூணே எழுத்து, அதுக்கு மூச்சே தேவையில்ல. வினோலியா தலையக் குனிஞ்சா. குனிஞ்சுக்கிட்டு, 'ப்ளீஸ் மேடம், பேரு மட்டும் வேண்டாம்'னா. மேட்ரன் பக்கத்துல உக்காந்து அதுவரைக்கும் லேப்டாப்ப விட்டுக் கண்ண எடுக்காத ஹெச்.ஆர்.காரன்கூட நிமிந்து பாத்தான். மேட்ரன் பேனாவ மறுபடி எடுத்து லிஸ்ட்ல சின்னதா ஒரு கோடு போட்டாவ. தலைகீழாப் பாத்தாலும் தெரிஞ்சுது, கோடு விழுந்தது தன் பேருல இல்ல, அதுக்கு அடுத்த வரியில.

அந்தத் தலைய எங்கருந்துட்டி குனியக் கத்துக்கிட்ட, நீ? ஸ்கூல்ல பிரேயர்லகூட கண்ணத் திறந்து வச்சுக்கிட்டு நின்னவ. ஹாஸ்டல்ல சாம்பார்ல பூச்சி கெடந்ததுக்கு வார்டன் முன்னால தட்ட வச்சு, 'நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க, நாங்க மிச்சத்தச் சாப்பிடுதோம்'னு சொன்னவ. பஸ்ஸுல எவன் இடிச்சாலும் பஸ்ஸ நிப்பாட்டுதவ. நாலு வருஷமா எவன் முன்னாலயும் குனியாத தலை, அடுத்தவ பொழப்பக் கெடுக்கணும்னதும் பூ மாதிரி குனிஞ்சிட்டு. சரி, நான் பேரச் சொல்லலைல்லா? சொல்லல. அவளான்னு கேட்டதுக்கு ஆமான்னு சொன்னேனா? சொல்லல. பின்ன அவுகளா எதையாவது நினைச்சா அதுக்கு நானா பொறுப்பு? வினோலியா இப்படித்தான் வக்கீல் மாதிரி ஒரு சுத்து வாரா, ஜெயிச்சும் போயிருதா. ஜெயிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா அந்தக் குனிஞ்ச தலை அங்கனயே நிக்கி. பேரச் சொல்லிருந்தாக்கூட வெறும் கோள் சொல்லுதவளாப் போயிருப்பா. சொல்லாம, காப்பாத்துத மாதிரி காட்டிக் கொடுத்தா பாரு, அதுக்கு என்ன பேரு?

எதிர்த்த வரிசையில உக்காந்திருந்த ஒரு பிள்ளை, சங்கரன்கோவில் பக்கமாம், ஃபைல நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எட்டிக் கேக்குதா. 'அக்கா, உங்ககிட்ட இங்கிலீஷ்ல கேட்டாவளா, தமிழ்லயா?'

'தமிழ்லதான்.'

'தப்பா எதுவும் சொல்லிட்டா உடனே மூஞ்சியில காட்டுவாவளா அக்கா?'

'காட்ட மாட்டாவ. எழுதிக்கிடுவாவ.'

அந்தப் பிள்ளை மூஞ்சி சுண்டிப் போச்சு. பாவம், அதுகிட்டயும் ஒரு கடி. 'ஒண்ணும் இல்ல பாப்பா, நல்ல மேட்ரன்தான்'னு சேத்துச் சொன்னா. நல்ல மேட்ரன்தான். அதனாலதான் நம்பிட்டாவ.

பதினேழாம் பெட்டு. அந்தக் கட்டில்ல கெடந்தவரு பேரு தங்கையா. மில்லுல வேலை பாத்து நெஞ்சு கெட்டுப் போனவரு, எப்பவும் சாஞ்சு உக்காந்த வாக்குலயே கெடப்பாரு. மத்தியானம் ரெண்டு மணிக்கு வைட்டல்ஸ் எடுக்கணும், காய்ச்சல், நாடி, மூச்சு, பிரஷர். நாப்பது பெட்டு, ரெண்டு பிள்ளைய, இருபது இவளுக்கு, இருபது இசக்கிக்கு. காய்ச்சலும் நாடியும் பிரஷரும் வினோலியா ஒழுங்காப் பாப்பா, அதுல குறை சொல்ல முடியாது. மூச்சுதான். மூச்ச எண்ணணும்னா நாடி பாக்குத மாதிரியே கையப் பிடிச்சுக்கிட்டு, எண்ணுதது அந்த ஆளுக்குத் தெரியாம, நெஞ்சு ஏறி இறங்குததப் பாத்துக்கிட்டு ஒரு முழு நிமிஷம் நிக்கணும். எவ நிப்பா? நல்லா இருக்கவங்களுக்கு இருபதுக்குள்ள இருக்கும்னு எல்லாருக்கும் இருபதுதான். எல்லாருக்கும் இருபது போட்டா சிஸ்டருக்குச் சந்தேகம் வரும்னு, நடுவுல ரெண்டு பதினெட்டு, ஒரு இருபத்திரெண்டு தூவி விடணும். சீனியர் அக்காமாரு சொல்லிக் கொடுத்த பாடம் அது, புஸ்தகத்துல இல்லாதது. அன்னைக்கும் தூவுனா. தங்கையாவுக்கு இருபது. கையப் பிடிச்சு நாடி பாத்தாளே, அந்த நெஞ்சு முன்னாலதான ஏறி இறங்குச்சு, கண்ணு எங்கட்டி போச்சு? அவளுக்கு ஞாபகம் இருக்கு, கண்ணு ஜன்னல்ல இருந்துச்சு, கேண்டீன்ல பஜ்ஜி போட ஆரம்பிச்சிருந்தான்.

அது இசக்கி பாக்க வேண்டிய பெட்டே கிடையாது. தன் இருபதையும் எண்ணி முடிச்சுட்டு, அவ நெசமாவே எண்ணுவா, அவள வச்சு பேட்ச்சே சிரிக்கும், 'ஏ இசக்கி, மூச்சுக்கணக்குப் புள்ள'ன்னு, பொறவால மெதுவா வந்தவ பதினேழுகிட்ட நின்னுட்டா. கையப் பிடிச்சுக்கிட்டு வாட்சப் பாத்தா. சார்ட்டப் பாத்தா. மறுபடி வாட்சப் பாத்தா. அப்புறம் ஓடுனா. இசக்கி ஓடி யாரும் பாத்தது இல்ல, ஆஸ்பத்திரியில ஓடக்கூடாதுன்னு மொத வருஷத்துல சொல்லிக் கொடுத்தத நாலு வருஷமும் கடைப்பிடிச்சவ அவ. டாக்டர் வந்தாரு, ஆக்சிஜன் வச்சாவ, ஐசியூவுக்குத் தள்ளிக்கிட்டுப் போனாவ, மனுஷன் பொழச்சாரு. வார்டு சிஸ்டர் சார்ட்டத் தூக்கிக் காட்டி, 'எவடி எழுதுனது இந்த இருபது?'ன்னு கத்துனப்ப வினோலியா என்ன பண்ணுனா? 'நாந்தான் சிஸ்டர்'னு முன்னால வந்தா. நெஞ்ச நிமித்திக்கிட்டு வந்தா. 'நாப்பது பேருக்கு ரெண்டு ஸ்டூடண்ட்ட விட்டா எப்படி சிஸ்டர் எண்ணுதது? நீங்க சொல்லுங்க, நீங்க என்னைக்காவது எண்ணிருக்கீங்களா?' சிஸ்டர் சார்ட்ட மேசையில போட்டுட்டுப் போயிட்டாவ. அன்னைக்கு ஹாஸ்டல்ல அவளத் தூக்கி வச்சுக் கொண்டாடுனாளுவ. இசக்கி மட்டும் தலைய வாரிக்கிட்டே, 'அந்த ஐயாவுக்கு விரலு நுனில்லாம் நீலமா இருந்துச்சுட்டி'ன்னா.

அன்னைக்கு உண்மையச் சொன்னாளே, அதயாவது கணக்குல சேக்கலாமான்னு பாக்குதா. சேராது. அன்னைக்குச் சண்டைக்கு உண்மை தேவைப்பட்டுச்சு, எடுத்து வீசுனா. இன்னைக்கு வேலைக்குப் பொய் தேவைப்பட்டுச்சு, அதையும் எடுத்து வீசுனா. ரெண்டு நாளும் கையில கெடச்சத எறிஞ்சதுதான். ரெண்டு நாளும் தங்கையா அந்தக் கட்டில்ல மூச்சு வாங்கிக்கிட்டுத்தான் கெடக்காரு.

அந்தப் பொய்யையும் யாரு வாட்சக் கட்டிக்கிட்டுச் சொன்னா? வினோலியா மணிக்கட்டத் திருப்பிக் கவுத்தி வச்சுக்கிட்டா. காலையில பஸ் ஸ்டாண்டுல இசக்கிதான் பாத்தா, 'ஏ வினோ, உன் வாட்சுல நொடி முள்ளு இல்லியேட்டி, நர்ஸு கையில நொடி முள்ளு இருக்கான்னு பாப்பாவளாம், இந்தா'ன்னு கழட்டிக் கொடுத்துட்டா. 'உனக்கு?'ன்னு கேட்டதுக்கு, 'நீ மொதல்ல போறல்லா, வெளிய வந்ததும் கொடு'ன்னா. கொடுத்தாளா? கொடுக்கல. இசக்கி வெறுங்கையோட உள்ள உக்காந்திருக்கா. இந்த வாட்சால எண்ணுன முப்பத்தாற, இந்த வாட்சக் கட்டிக்கிட்டே, நான் எண்ணுனேன்னு. ச்சீ. பஸ்ஸுல அவ ஜன்னல் சீட்ட விட்டுக் கொடுத்தா. ஐசியூவுக்கு நாலு பேரு எடுக்காவளாம், நமக்கு ரெண்டு இடம் போதும்ட்டி, மிச்ச ரெண்ட மத்தவளுவ எடுத்துக்கிடட்டும்னு சிரிச்சா. அவளுக்கு வேலை கிடைக்காட்டி வாற மாசம் பூ வைக்க வந்துருவாவ. அவ அண்ணன் கண்டிப்பாச் சொல்லிட்டான். மாப்பிள்ளை பம்பாயில மிட்டாய்க் கடை வச்சிருக்கான், 'கடையில நிக்கப் பொண்ணு போதும், நர்ஸு வேலையெல்லாம் எதுக்கு'ன்னு அவன் அம்மா கேட்டாளாம். நாலு வருஷம் படிச்சது அங்க போயி மிட்டாய் நிறுக்கதுக்கா. இசக்கி அதச் சொல்லிட்டு ஜன்னலுக்கு வெளிய பாக்கல, வினோலியாவத்தான் பாத்தா. 'கிடைச்சிரும்லாட்டி?'ன்னா. 'உனக்குக் கிடைக்காம வேற எவளுக்குட்டி கிடைக்கும்'னு இவதான் சொன்னா. மூணு மணி நேரம் ஆகல சொல்லி.

பன்னெண்டு நிமிஷம் ஆச்சு. இவளுக்கு எட்டு நிமிஷத்துல முடிஞ்சுட்டு. ஏன் இவ்வளவு நேரம்? கேட்டுட்டாவ. இசக்கி அந்தக் கதையத்தான் சொல்லுவா, அவகிட்ட வேற கதையே கிடையாது, நாலு வருஷத்துல அவ ஓடுனது ஒருநாள்தான். அவ சொல்லும்போது மேட்ரன் மூஞ்சி எப்படி இருக்கும்? அதே கட்டிலு, அதே முப்பத்தாறு, ஆளு மட்டும் மாறி. ரெண்டு பேரும் ஒரே கதைய நாந்தான் நாந்தான்னு சொன்னா ஒருத்தி திருடின்னுதான அர்த்தம். திருடி யாருன்னு பாப்பாவ. ஒருத்தி டக்கு டக்குன்னு பேசுதவ. இன்னொருத்தி திக்குவா, இசக்கிக்குப் பெரியவங்க முன்னால பேச்சு திக்கும், உண்மையச் சொல்லும்போதும் திக்கும். யார நம்புவாவ? வினோலியாவுக்கு ஒரு நிமிஷம் நிம்மதி வந்துச்சு. என்னைத்தான் நம்புவாவன்னு. வந்த நிம்மதியப் பாத்து அவளே தன்னக் கேட்டுக்கிட்டா. நீ எம்புட்டுக் கீழ போவட்டி, அடி தெரிய வேண்டாமா? எந்திரிச்சு கதவத் தட்டு. இப்பவே. தட்டி என்ன சொல்லுவ? மேடம், அத எழுதுனது நான் மேடம். வேலை போவும். போனா என்ன, உனக்கு யாரும் பூ வைக்க வரலியே. அம்மா கேப்பா, 'என்னட்டி ஆச்சு'ன்னு, 'வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்க மாட்ட'ம்பா, எப்பவும் அதத்தான் சொல்லுவா. எந்திரின்னு காலுக்குச் சொல்லுதா. காலு கேக்கல. இரும்பு நாற்காலி தொடையோட ஒட்டிக்கிட்டு. இன்னும் ஒரு நிமிஷம் பாப்போம். கதவு தானா திறந்துட்டா? சரி, இன்னும் ஒரு நிமிஷம்.

கதவு திறந்துட்டு. இசக்கி வெளிய வந்தா. சிரிக்கத்தான் செய்யா, ஆனா உதடு மட்டும். ஆயா அக்கா அடுத்த பேரக் கூப்பிட, சங்கரன்கோவில் பிள்ளை ஃபைலோட உள்ள ஓடுச்சு.

'என்னட்டி, என்ன கேட்டாவ?' வினோலியா குரலு அவளுக்கே வேற யாரோட குரலு மாதிரி கேட்டுச்சு.

'எல்லாம் கேட்டாவ. மொதல்ல நல்லாத்தான் பேசுனாவ வினோ. கடைசில, வார்டுல எதாவது தப்பு பண்ணிருக்கியான்னு கேட்டாவ. இல்ல மேடம்னேன். யோசிச்சுச் சொல்லும்மான்னாவ. மூணு தடவை கேட்டாவ.'

'நீ?'

'இல்லன்னுட்டேன். யாரும் பண்ணிப் பாத்திருக்கியான்னாவ. அதுக்கும் இல்லன்னுட்டேன்.'

'ஏன்ட்டி? அந்தப் பதினேழு... நீதானட்டி எண்ணுன? அதச் சொல்லிருக்கலாம்லா?'

'கிறுக்கி மாதிரி பேசாத. அதச் சொன்னா தப்பா எழுதுனது யாருன்னு கேக்க மாட்டாவளா? நம்ம காலேஜ்ல இருந்து வந்தது நாம ரெண்டு பேருதான். உன் பேருல்லாட்டி விழும்.' இசக்கி ஃபைல பைக்குள்ள திணிச்சா, ஜிப்பு சிக்கிக்கிட்டு, இழுத்து இழுத்துப் பாத்தா. 'ஆனா மேட்ரன் ஒரு மாதிரி பாத்தாவட்டி. "தப்பு பண்ணலாம்மா, மறைக்கக் கூடாது"ன்னாவ. எதுக்குச் சொன்னாவன்னே வெளங்கல. எந்திரிச்சுப் போன்னுகூட சொல்லல, கையக் காட்டிட்டாவ. நான் திக்குனதுல பொய்யின்னு நினைச்சிருப்பாவளோ?' ஜிப்ப விட்டுட்டா. 'சரி வா, பசிக்கி. எங்கயாவது ரெண்டு தோசை தின்போம்.'

வினோலியா எந்திரிச்சா. காலு எந்திரிச்சிட்டு. நேரா கதவுகிட்ட போனா. ஆயா அக்கா கைய நீட்டி மறிச்சாவ.

'ஏ பாப்பா, உள்ள ஆளு இருக்குல்லா? உனக்குத்தான் முடிஞ்சுட்டே?'

'மேட்ரன்கிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா.'

'என்ன, செர்டிபிகேட்ட விட்டுட்டியா? நல்ல பிள்ளைய போ. இரு, இந்தப் பிள்ளை வரட்டும், விடுதேன்.'

இருக்கணும். எட்டு நிமிஷமோ பன்னெண்டு நிமிஷமோ. மேட்ரன்கிட்ட சொல்லுதது பெருசில்ல, இப்பத் தெரியுது அவளுக்கு. மேட்ரன் யாரு, காலையில வரைக்கும் மூஞ்சியே தெரியாது, 'நாந்தான் மேடம்'னு சொல்லிட்டு திரும்பிப் பாக்காம நடந்துரலாம். பொறவால ஒருத்தி பைய மாட்டிக்கிட்டு நிக்காளே, அவகிட்ட சொல்லாம அந்தக் கதவுக்குள்ள போக முடியாது.

'என்னத்தட்டி விட்டுட்ட?' இசக்கி கிட்ட வந்து கேக்குதா. 'எடு, நான் பிடிச்சுக்கிடுதேன் உன் ஃபைல.'

'இசக்கி, கொஞ்சம் உக்காரு.'

'என்ன, நீயும் இண்டர்வியூ வைக்கப் போறியா?' சிரிச்சுக்கிட்டே உக்காந்தா.

வினோலியா பக்கத்துல உக்காரல. நின்னுக்கிட்டே சொன்னா. 'எங்கிட்டயும் அந்தக் கேள்விதான் கேட்டாவ. நான் அந்தப் பதினேழாம் பெட்டு கதையச் சொன்னேன். தங்கையாவுக்கு மூச்சு எண்ணுனது நாந்தான்னு சொன்னேன்.'

இசக்கி மூஞ்சியில இருந்த சிரிப்பு உடனே போகல. அதுக்கு விஷயம் போயிச் சேரலபோல, கொஞ்ச நேரம் அங்கனயே நின்னுச்சு. அவ வினோலியாவப் பாத்தா, சாத்துன கதவப் பாத்தா, மறுபடி வினோலியாவப் பாத்தா. பெரியவங்க முன்னால திக்குத பேச்சு, இப்ப திக்கவே இல்ல.

'அப்ப, இருபதுன்னு எழுதுனது யாருன்னு சொன்ன?'